பாடும் பூட்டும்

பழவேற்காட்டு ஏரியில் தண்ணீர் பொது. வலை போடும் இடம் அப்படியல்ல. முகத்துவாரத்தை ஒட்டி, ஏரியில் வளர்ந்த இறால் கடலுக்குத் திரும்பும் வழியில், நல்ல இடங்கள் கொஞ்சம்தான். கோட்டைக்குப்பம், நடூர்மாதாகுப்பம், ஆண்டிகுப்பம் ஆகிய ஊர்களின் பட்டினவர் சாதி மீனவர்கள் அந்த இடங்களைத் தலைக்கட்டுக் கணக்கில் சீட்டுப் போட்டு, முறை வைத்துப் பிரித்துக்கொள்ளும் வழக்கத்துக்குப் பெயர் பாடு. இன்று நல்ல இடம் வாய்த்தவருக்கு அடுத்த முறை சுமாரான இடம் வரும். ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்புக்காக 1991-இல் செபாஸ்டியன் மேத்யூ இதை விரிவாக ஆராய்ந்து எழுதினார். மீன்வள மேலாண்மை பேசுகிறவர்கள் இன்றும் அதை எடுத்துக்காட்டுகிறார்கள்.

மின்நூல் கருவிகளை வெளி நிரலாளர்களுக்குத் திறந்துவிடுவது நல்லதா கெட்டதா என்ற விவாதம் வரும்போதெல்லாம் எனக்கு இந்தப் பாடு நினைவுக்கு வரும். ஏரிக்கும் எலெக்ட்ரானிக் பலகைக்கும் என்ன உறவு என்று சிரிக்கலாம். இரண்டிலும் கேள்வி ஒன்றுதான்: யார் இறங்கலாம், அதை யார் முடிவு செய்வது?

2010 ஜனவரி 21 அன்று அமேசான் நிறுவனம் தன் மின்நூல் கருவியான கிண்டிலுக்கான நிரலாக்கக் கருவித்தொகுப்பை அறிவித்தது. ஆப்பிள் தன் ஐபேடை அறிவிக்க ஆறு நாள் இருந்தது. அவசரம் எங்கிருந்து வந்தது என்று சொல்லத் தேவையில்லை. அதுவரை கிண்டிலுக்குள் அமேசானின் நிரல் மட்டுமே ஓடியது. இனி யாரும் எழுதலாம், கடையில் விற்கலாம், வருவாயில் 70 விழுக்காடு எழுதியவருக்கு. கம்பியில்லாத் தொடர்பில் அனுப்பும் செலவாக ஒரு மெகாபைட்டுக்கு 15 சென்ட் மட்டும் முதலில் கழிக்கப்படும். அமேசானுக்கு ஒரு நியாயம் சொல்லியாக வேண்டும்: இந்தக் கதவில் சாதி கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை. பழவேற்காட்டில் அப்படியில்லை. பாடு உள்ள ஊர்களில் பிறக்காதவருக்கு அந்த இடங்களில் உரிமை கிடையாது. சேற்றில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்களுக்குச் சீட்டில் பெயரே இல்லை. பாட்டைப் புகழ்கிறவர்கள் இதைச் சொல்லாமல் கடந்துபோவது வழக்கமாகிவிட்டது.

அமேசானின் கதவுக்கும் நிபந்தனைகள் இருந்தன. விளம்பரம் கூடாது, இணையவழிப் பேச்சு கூடாது, ஆபாசம் கூடாது, வாசகருக்குத் தெரியாமல் அவர் விவரங்களைத் திரட்டக் கூடாது. இவற்றில் குறை காண எனக்கு மனமில்லை. கருவியின் மின்கலம் வாரக்கணக்கில் நிற்பதும், நடுவில் எதுவும் கூவாமல் நூறு பக்கம் படிக்க முடிவதும் இப்படிப்பட்ட கண்டிப்பாலும்தான். ஆண்ட்ராய்டில் ஓடும் ஆனிக்ஸ் பூக்ஸ் போன்ற மின்மைக் கருவிகளில் எந்தச் செயலியையும் போட்டுக்கொள்ளலாம். வாட்ஸ்அப்பும் வரும், அதோடு உறவினர்களின் காலை வணக்கமும் வரும். திறந்த வீட்டில் யாரும் நுழையலாம் என்பதற்கு அது போதிய சான்று.

ஆனால் அந்தப் பட்டியலின் நடுவே இன்னொரு வரி இருந்தது. வெளியார் எழுதும் செயலி பொதுவான நூல்வாசிப்பானாக இருக்கக் கூடாது. சொல் விளையாட்டு எழுதலாம், கணக்குப் புதிர் எழுதலாம். நூல்களைத் திறந்து படிக்கும் நிரல் மட்டும் எழுதக் கூடாது. படிப்பதற்கென்றே செய்த கருவியில் படிப்பதற்கான நிரலுக்குத் தடை!

ஆங்கில வாசகருக்கு இது பெரிய இழப்பில்லை. அவருடைய எழுத்து ஏற்கெனவே சரியாகத் தெரிந்தது. தமிழ் வாசகருக்கோ, கருவியில் இல்லாததே அதுதான். யுனிகோடு முறையில் 'கெ' என்று எழுதினால் முதலில் க, பிறகு கொம்பு என்ற வரிசையில் சேமிக்கப்படும்; திரையில் காட்டும்போது கொம்பைத் தூக்கி முன்னால் வைக்க வேண்டும். 'கொ' என்றால் ஒரு குறியைப் பிளந்து இருபுறமும் நிறுத்த வேண்டும். இந்த வேலையைச் செய்யும் நிரல் இல்லாத கருவியில் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். பொன்னியும் பெண்ணும் அடையாளம் தெரியாமல் போவார்கள். தமிழ் நிரலாளர்களுக்கு இது தீர்க்கத் தெரியாத சிக்கல் அல்ல. கணினியில் எப்போதோ தீர்த்திருந்தார்கள். கதவு முழுதாகத் திறந்திருந்தால் கிண்டிலிலும் சில மாதங்களில் தீர்த்திருப்பார்கள் என்பது என் கணிப்பு.

நடந்தது வேறு. 2013-இல் தொடங்கிய ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் குழுவினர் ஒவ்வொரு நூலையும் ஈபப், மோபி வடிவங்களோடு ஆறு அங்குலத் திரைக்கு அளவெடுத்த பிடிஎஃப் ஆகவும் வெளியிட்டார்கள். பிடிஎஃபில் எழுத்துருவின் வடிவமே பக்கத்தோடு பதிந்துவிடுவதால் கொம்பு இடம் மாறாது. ஆனால் எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தாமாக மடங்கிக்கொள்ளாது. பார்வை மங்கிய பெரியவர் பக்கத்தை இழுத்து இழுத்துத்தான் படிக்க வேண்டும். வாசல் மூடியிருந்ததால் கொல்லைப்புறமாக நுழைந்தார்கள், அவ்வளவுதான். அமேசான் தமிழ் உள்ளிட்ட ஐந்து இந்திய மொழிகளில் மின்நூல் விற்கத் தொடங்கியது 2016 டிசம்பரில். 2010 அறிவிப்புக்கும் அதற்கும் இடையே ஏறத்தாழ ஏழு ஆண்டு.

வெளியாரை உள்ளே விட்டால் என்ன கிடைக்கும் என்பதற்குக் கடற்கரையிலேயே ஓர் உதாரணம் உண்டு. ஸ்மார்ட்போன் பரவுவதற்கு முன்பு, குவால்காம் நிறுவனத்தின் ப்ரூ என்ற தளம் சாதாரணக் கைப்பேசிகளில் வெளியார் செயலிகளை ஓட்ட இடம் தந்தது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அதில் மீனவ நண்பன் செயலியைக் கொண்டுவந்தது. ஹைதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையமான இன்காய்ஸ், கடல்மேல் வெப்பத்தையும் பச்சையத்தையும் செயற்கைக்கோள் வழியே அளந்து, மீன் கூடும் இடங்களைக் கணித்துத் தருகிறது. செயலி வழியே அந்தக் கணிப்போடு அலை உயரம், காற்று வேகம் எல்லாம் படகில் இருப்பவர் கைக்கு வந்தன. எந்தக் கைப்பேசி நிறுவனமும் தானாக உட்கார்ந்து இதைச் செய்திருக்காது. ப்ரூவுக்கும் காவல் இருந்தது. செயலி சோதனையில் தேற வேண்டும், தொலைத்தொடர்பு நிறுவனமும் ஒப்புக்கொள்ள வேண்டும். தளத்தின் உரிமையாளரே திட்டத்துக்குத் துணை நின்றதால் அந்தக் காவல் இடையூறாகவில்லை. பின்னாளில் செயலி ஆண்ட்ராய்டுக்கு மாறியபோது அந்தத் தயவும் தேவைப்படவில்லை. ஒன்று மட்டும்: மீன் கூடும் இடத்தைச் சொல்லும் அறிவிப்பு கடலுக்குத்தான். பழவேற்காட்டில் ஏரிக்குள் வலை போடுகிறவருக்கு அதில் விடையில்லை. அவர் தேவையை அறிந்த ஒருவர் எழுதினால்தான் உண்டு.

மின்நூல் கருவியிலும் எழுதப்படாமல் கிடக்கும் வேலைகள் இருக்கின்றன. ஆங்கிலச் சொல்மேல் விரல் வைத்தால் அகராதி திறக்கிறது. 'பாடுகளிலிருந்து' என்ற சொல்மேல் விரல் வைத்தால்? அகராதியில் 'பாடு' உண்டு. கள், இல், இருந்து என்று ஒட்டிக்கொண்ட உருபுகளை உரித்தெடுத்து அந்தப் பாட்டை அடையாளம் காட்டும் நிரல் வேண்டும். சிலிக்கான் பள்ளத்தாக்கில் யாரும் இதற்காகத் தூக்கம் கெடப்போவதில்லை. தமிழ் படிக்கிற நிரலாளர் ஒருவர்தான் செய்வார், அவரை உள்ளே விட்டால்.

கோரீடர் என்ற கட்டற்ற மென்பொருள் அப்படி ஒரு வழியைத் திறந்திருக்கிறது. அது முழுமையான வாசிப்பான். செருகுநிரல் எழுதலாம், விரும்பிய எழுத்துருவையும் அகராதியையும் சேர்க்கலாம். கிண்டிலில் அதை நிறுவப் பூட்டை உடைக்க வேண்டும். அடுத்த புதுப்பிப்பு வந்தால் எல்லாம் போய்விடக்கூடும். கடையில் வாங்கிய பூட்டிய நூல்களும் அதில் திறக்காது. கோபோ என்ற இன்னொரு நிறுவனத்தின் மின்நூல் கருவிகளில் இந்தத் தொல்லை குறைவு. நிறுவனம் முறையாக அழைக்கவும் இல்லை, வேலி போட்டுத் தடுக்கவும் இல்லை. என் கணக்கில், நிபந்தனைப் பட்டியலோடு வந்த அமேசானின் அழைப்பைவிட இந்த மௌனம் மேல்.

அமேசானின் பேரத்தில் கடைசியில் வென்றவர் யாருமில்லை. சில விளையாட்டுகள் வந்தன, ஸ்கிராபிள்கூட வந்தது. 2014-இல் வெளியான கிண்டில் வாயேஜ் கருவியில் அவை ஓடவில்லை. காசு கொடுத்து வாங்கியவரும் எழுதிச் சம்பாதித்தவரும் வாய் பார்த்து நின்றார்கள். 2009-இல் ஆர்வெல்லின் நாவல்களை வாசகர்களின் கருவியிலிருந்து தொலைவிலிருந்தே அழித்து, பிறகு மன்னிப்புக் கேட்ட நிறுவனம் அது. திறந்த கதவை அது சொல்லாமல் மூடியதில் வியக்க ஒன்றுமில்லை. பாட்டில் தகராறு வந்தால் ஊர்க்கூட்டத்தில் நின்று கத்தவாவது முடியும். சீட்டு முறையை ஒரு தலைக்கட்டு தனியாக மாற்றிவிட முடியாது. கிண்டிலில் வலைபோட வந்தவருக்கு அப்படி ஒரு கூட்டம் இல்லை. ஏரி ஒருவருக்குச் சொந்தம், முறையும் அவர் வைத்ததே.

அதனால் திறப்பதே தீர்வு என்று சொல்கிறவர்களோடும் என்னால் முழுதாகச் சேர முடியவில்லை. மூடியிருப்பதே நிம்மதி என்பவர்களோடும் முடியவில்லை. விளம்பரத்துக்கும் வேவுக்கும் வேலி இருக்கட்டும். படிக்கும் நிரலுக்கு வேலி கூடாது. தந்த உரிமையைத் திரும்ப எடுப்பதானால் முன்கூட்டிச் சொல்லி, காரணமும் சொல்ல வேண்டும். இருளரை மறந்த பாட்டைப் போல, தமிழையும் சந்தாலி போன்ற பிற மொழிகளையும் மறந்த தளமும் தன்னைப் பொது என்று அழைத்துக்கொள்ளக் கூடாது.

புதிதாக மின்நூல் கருவி வாங்கப் போகிறவர்கள் திரையின் அளவையும் விலையையும் பார்த்த பிறகு, கடைக்காரரிடம் இன்னொன்றும் கேளுங்கள்: இதில் வேறு வாசிப்பானைப் போட முடியுமா? அவருக்குத் தெரியாவிட்டால், உங்கள் கைப்பேசியில் இருக்கும் ஒரு தமிழ் ஈபப் நூலை அதில் ஏற்றித் தரச் சொல்லி, கொம்பு எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.