பஞ்சு ஒட்டிய செம்மறி: நாஞ்சில் நாட்டு ஞாயிறு பள்ளியில் மழலையர் செயல்பாடுகள்

2011 கணக்கெடுப்பின்படி மக்களில் ஏறத்தாழ 47 விழுக்காட்டினர் கிறிஸ்தவர்களாக உள்ள கன்னியாகுமரி மாவட்டத்தில், சீர்திருத்தச் சபையார் ஞாயிறு பள்ளி என்றும் கத்தோலிக்கர் மறைக்கல்வி என்றும் வழங்கும் வகுப்பு குழந்தைப் பருவத்தோடு பிரிக்க முடியாதபடி கலந்துவிட்டது. 1780இல் இங்கிலாந்தின் குளௌஸ்டர் நகரில் ராபர்ட் ரெய்க்ஸ் தொடங்கிய ஞாயிறு பள்ளி, வாரம் முழுதும் உழைத்த ஏழைச் சிறுவர்க்கு எழுத்தறிவிக்கவே முதலில் கூடியது. 1806இல் மயிலாடிக்கு வந்த மிஷனரி ரிங்கல்தௌபேக்குப் பின் லண்டன் மிஷன் வளர்த்த தென் திருவிதாங்கூர்ச் சபைகளிலும் எழுத்தும் வேதமும் இணைந்தே நடந்தன. ஆனால் மூன்று முதல் ஐந்து வயதினர் அமரும் பாலர் வகுப்பில் எழுத்துக்கு வேலையில்லை. அங்கே கதையைக் கைக்கும் காலுக்கும் கொண்டுசெல்லும் அசைவுப் பாட்டு, வண்ணம் தீட்டல், களிமண் பிடித்தல், வெட்டி ஒட்டும் கைவேலை ஆகியவையே பாடமுறையாகின்றன. செயல்பாடு என்னும் சொல் இக்கட்டுரையில் இவற்றையே குறிக்கும்.

இம்முறையின் நியாயம் வலுவானது. இரண்டு முதல் ஏழு வயதுவரை குழந்தை கருத்துகளைத் தருக்கமாக இணைப்பதில்லை, கண்ட பொருளையும் ஆடிய ஆட்டத்தையும் கொண்டே உலகைப் புரிந்துகொள்கிறது என்று சுவிஸ் உளவியலாளர் பியாஜே கண்டார். காணாமற்போன ஆட்டின் உவமையைச் சொன்னதும் பஞ்சில் செய்த ஆட்டுக்குட்டி ஒன்றை வகுப்பறையில் ஒளித்துவைத்துப் பிள்ளைகளைத் தேடவிட்டால், தேடலின் பதைப்பும் கண்டெடுத்ததும் எழும் கூச்சலும் உவமையாகவே ஆகிவிடுகின்றன; விளக்கவுரை அதற்குமேல் தேவைப்படுவதில்லை. குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் இதனினும் நல்ல வாய்ப்பு உண்டு. இரவெல்லாம் வலைவீசி ஒன்றும் அகப்படாமல் பேதுரு கரைசேர்ந்த கதையை, வெறும் வள்ளத்தோடு திரும்பும் விடியலை வீட்டில் கண்ட பிள்ளைக்கு யாரும் எளிமைப்படுத்த வேண்டியதில்லை. கிழிந்துபோன நைலான் வலைத்துண்டில் காகித மீன்களை நிரப்பி ஆறு பேர் சேர்ந்து இழுத்தால் போதும்.

வழக்கத்தில் நடப்பதோ பெரும்பாலும் வேறு. அச்சிட்டு வரும் படத்தாளில் மேய்ப்பனின் ஆடு உருண்டு திரண்ட வெள்ளைப் பஞ்சாகவே நிற்கிறது. அறுவடை முடிந்த வயலில் கிடைபோடும் மந்தையில் பிள்ளை காண்பதோ ரோமம் படிந்த, செம்பழுப்பு நிறமும் கலந்த ஆடுகள். செம்மறி என்ற சொல்லிலேயே செம்மை இருக்க, நம் பிள்ளைகள் பசை தடவி வெண்பஞ்சு ஒட்டுவது ஒரு சிறிய வேடிக்கைதான். கைக்கு வேலை கிடைக்கிறது. ஆனால் அவ்வேலைக்கும் கதைக்கும் தொடர்பு அறுந்துபோகிறது. இதையே இம்முறையின் முதன்மைக் குறையாகக் கொள்ள வேண்டும்.

பரிசு அடுத்த சிக்கல். மனப்பாட வசனம் ஒப்புவித்தால் ஒட்டுநட்சத்திரம், ஆண்டு விழாவில் டிபன் பாக்ஸ் என்னும் ஏற்பாடு வருகையைக் கூட்டுவது உண்மையே. எனினும் 1973இல் வெளியான லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகிய உளவியலாளரின் ஆய்வில், சான்றிதழ் தருவதாகச் சொல்லிப் படம் வரையச் செய்த மழலையர், பின்னர் தாமாக வரைவதில் ஏனையோரைவிடக் குறைந்த நேரமே செலவிட்டனர். விருப்பத்தோடு செய்வதற்குக் கூலி கொடுத்தால் விருப்பம் கூலியின் பக்கம் சாய்கிறது. ஆயினும் மனப்பாடத்தையே பழிப்போர் கருத்தை ஏற்பதற்கில்லை. பொருள் அறியாத வயதில் ஆத்திசூடியை ஓசையாக வாங்கிக்கொண்டு பொருளைப் பின்னாளில் கண்டுகொண்ட திண்ணைப் பள்ளி மரபுடைய மொழியில், தாளத்தோடு வந்த வசனம் பிள்ளைக்குச் சுமையாவதில்லை. மேடையும் மதிப்பெண்ணுமே அதைச் சுமையாக்குகின்றன.

நோவாவின் பேழை தனியே நோக்கத்தக்கது. பாலர் வகுப்புகள் மிகுதியும் விரும்பும் கதை இது. விலங்குகளும் வானவில்லும் இருப்பதால் வண்ணப் பென்சிலுக்கு ஏற்றது. தாளில் ஒட்டகச்சிவிங்கி சாளரம் வழியே கழுத்தை நீட்டிச் சிரிக்கும்போது, மூழ்கிய உலகம் படத்திலிருந்து மறைந்துவிடுகிறது. உள்நாட்டு ஊர்களில் இதனால் பெரிய கேடில்லை. ஆனால் 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலையையும், கடலுக்குப் போனவர் பலர் திரும்பாத 2017 நவம்பர் இறுதியின் ஒக்கிப் புயலையும் கண்ட கடற்கரையில், வீட்டுச் சுவரில் மாலையிட்ட படத்தைப் பார்த்து வளரும் பிள்ளை வேறொன்றைக் கேட்கக்கூடும்: தாத்தாவை ஏன் அந்தப் பெட்டகத்தில் ஏற்றவில்லை? பெரும்பாலும் கல்லூரி மாணவரோ இளம் தாய்மாரோ தொண்டாக நடத்தும் வகுப்பில் இக்கேள்விக்குப் பயிற்சி இல்லை, கையேட்டிலும் இடமில்லை. கல்வியாளர் மரியா மாண்டிசோரியின் வழிநின்று சோபியா கவலெத்தி 1954இல் ரோமில் தொடங்கிய மறைக்கல்வி முறையில், ஆசிரியர் மரப்பாவைகளை மெல்ல நகர்த்திக் கதை சொல்லிவிட்டு விடை தராமல் பிள்ளைகளை அமைதியாகச் சிந்திக்க விடுகிறார். இவ்வழி நமக்குப் புதிதும் அன்று; மாண்டிசோரியே சென்னையிலும் கொடைக்கானலிலும் ஆண்டுக்கணக்கில் தங்கிப் பயிற்சியளித்தவர். அந்த அமைதிக்கு ஐந்து நிமிடம் ஒதுக்க ஒரு பாட்டையும் ஒரு படத்தாளையும் குறைக்க வேண்டியிருக்கும். ஒட்டகச்சிவிங்கிக்கு மஞ்சள் தீட்டுவதை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைக்கலாம்.