வண்டியை யாரிடம் விடுவது?

மைசூர் யாதவகிரியில் ஜாவா, யெஸ்டி பைக்குகளைச் செய்த ஐடியல் ஜாவா தொழிற்சாலை 1996இல் மூடப்பட்டது. யெஸ்டி என்ற பெயரில் புது வண்டி மறுபடி கடைக்கு வந்தது 2022இல். இடைப்பட்ட காலத்தில் கம்பெனி இல்லை, கம்பெனி சர்வீஸ் இல்லை, கம்பெனி ஸ்பேரும் இல்லை. ஆனாலும் ஜூலை இரண்டாவது ஞாயிறு வந்தால், ஜாவா தினம் என்று சொல்லிக்கொண்டு பழைய ஜாவாக்களும் யெஸ்டிகளும் பெங்களூரில் புகை கக்கியபடி கூட்டமாய் வந்து நிற்கும்.

தன் வண்டியைத் தானே பார்த்துக்கொள்கிறவர்கள் இதைத் தங்கள் கட்சிக்குச் சாட்சியாகக் காட்டுவார்கள். சாட்சி பாதிதான் செல்லும். யெஸ்டி எளிய வண்டி. டூ ஸ்ட்ரோக், வால்வு கிடையாது. பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்து ஊற்ற வேண்டியதுதான். கியர் போடுகிற லீவரே கிக்கரும். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவுவதும் பாயின்ட் இடைவெளி சரிசெய்வதும் ஞாயிறு காலை வேலை. ஆனால் சிலிண்டர் தேய்ந்து போரிங் செய்யவேண்டி வந்தாலோ, கிராங்க் பேரிங் சத்தம் போட்டாலோ, எந்த ஆர்வலரும் லேத்துப் பட்டறை வாசலுக்குத்தான் போயாக வேண்டும். பெங்களூர் ஜே.சி. ரோட்டில் கடை கடையாய் ஏறி இறங்கிச் சாமான் தேடியது சொந்தக்காரர். அதைப் பொருத்தி ஓடவைத்தது வயதான மெக்கானிக். அந்த வண்டிகள் பிழைத்தது இருவராலும்தான்.

பணம் மிச்சம் என்ற வாதம் எனக்கு ஒருநாளும் ஒட்டியதில்லை. ஸ்டாண்ட், டார்க் ரெஞ்சு, நல்ல ஸ்பானர் செட்டு என்று வாங்கிய பிறகு, மிச்சமான லேபர் கூலியில் அந்தக் காசு திரும்பப் பல வருடமாகும். அதற்குள் கையும் தவறு செய்யும். என் முதல் ஆயில் மாற்றத்தில், ஒழுகிவிடக்கூடாதே என்ற பயத்தில் டிரெய்ன் போல்ட்டை ஒரு சுற்று கூடுதலாய் இறுக்கினேன். அலுமினிய மரை அழிந்துபோனது. ஒழுகக்கூடாது என்று செய்த வேலையாலேயே ஒழுகியது. அல்சூரில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் குனிந்து பார்த்துவிட்டு, “டைட் பண்றது பலம் இல்ல சார், அளவு” என்றார். திட்டவில்லை. மரை போட்டுக் கொடுத்ததற்கான கூலி, இரண்டு முறை ஆயில் மாற்றும் லேபரைவிட அதிகம்.

எதிர்ப்பக்கக் கதையும் உண்டு. வேறொரு ஒர்க்ஷாப்பின் பில்லில் ஏர் ஃபில்டர் மாற்றியதாக எழுதியிருந்தார்கள். ஃபில்டர் ஓரத்தில் முன்பு நான் வைத்த சிவப்புப் பெயின்ட் புள்ளி அப்படியே இருந்தது. காற்றடித்துத் திருப்பி வைத்திருக்கிறார்கள். நாலு ஸ்க்ரூ கழற்றத் தெரியாதிருந்தால் அந்தக் கடையை இன்றும் நம்பிக்கையான கடை என்றே சொல்லிக்கொண்டிருப்பேன். பெங்களூரில் “நம்ம மெக்கானிக், நம்பலாம்” என்று சிபாரிசு செய்யாத ஆளில்லை. அந்த நம்பிக்கையை எப்போதாவது சோதித்துப் பார்த்தீர்களா என்று கேட்டால் பலரிடம் பதில் இருக்காது. சொந்தக் கைவேலையின் உண்மையான லாபம் இங்கேதான் இருக்கிறது: ஒர்க்ஷாப்பில் நின்று கேள்வி கேட்கத் தெரிகிறது.

இந்த ஊர் ஓட்டத்துக்கு அது அவசியம். சில்க் போர்டு நெரிசலில் முதல் கியரிலேயே ஊர்கிறவனுக்குக் கிலோமீட்டர் கணக்கு பொய் சொல்லும். ஓடோமீட்டர் ஓடாத நேரத்திலும் இன்ஜின் ஓடுகிறது, கிளட்ச் தேய்கிறது. அதை ஓட்டுகிறவன்தான் உணர முடியும். மூன்று மாதத்துக்கொருமுறை அரை மணி நேரம் பார்க்கிற மெக்கானிக்குக்குத் தெரியாது. செயின் தொய்வும் அப்படித்தான். பல வண்டிகளுக்கு 25-30 மில்லிமீட்டர் என்று கையேட்டிலேயே இருக்கும்; ஓட்டுகிறவனே அளந்து பார்க்கலாம். அக்டோபர் மழையில் நனைந்த செயினுக்கு அன்று மாலையே ஆயில் போடவேண்டும்; அதற்காகச் சர்வீஸ் தேதிவரை காத்திருப்பது வீண்.

பிரேக்கில் மட்டும் நான் கறார். டிஸ்க் பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல உறிஞ்சும். உறிஞ்ச உறிஞ்ச அதன் கொதிநிலை இறங்கும். பழைய ஆயிலோடு நந்தி மலை வளைவுகளில் பிரேக்கை விடாமல் பிடித்தபடி இறங்கினால், அது கொதித்து ஆவியாகி லீவர் பஞ்சாய் அமுங்கும். புது ஆயில் ஊற்றும்போது உள்ளே ஒரு காற்றுக் குமிழி தங்கினாலும் அதே கதிதான். மரை போனால் ஆயில் ஒழுகும். பிரேக் போனால் திருத்திக்கொள்ள இரண்டாம் வாய்ப்பு கிடைக்காது. தினம் இதே வேலை செய்கிற கைக்கு அதை விட்டுவிடுவது கௌரவக் குறைச்சல் அல்ல.

2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகை விதி வந்தபின் புது வண்டிகளில் கார்புரேட்டர் ஏறக்குறைய மறைந்து, ஃப்யூயல் இன்ஜெக்ஷன் வந்துவிட்டது. சத்தத்தை வைத்தே கோளாறு சொல்கிற தெருமுனை மெக்கானிக்கும் வீட்டு ஆர்வலரும் ஒரே நாளில் ஒரே வகுப்புக்கு இறக்கப்பட்டார்கள். மீட்டரில் மஞ்சள் விளக்கு எரிந்தால் இருவருக்கும் ஸ்கேனர் வேண்டும். அதை வாங்கி வைத்திருக்கும் சிறு ஒர்க்ஷாப்களும் உண்டு. எனக்கு அவர்கள்மேல் மதிப்பு அதிகம்.

ஆர்வலர்கள் பேச விரும்பாத விஷயம் கழிவு ஆயில். ஒர்க்ஷாப்பில் அது பீப்பாயில் சேர்ந்து விலைக்குப் போகும். அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் மாற்றுகிறவர், பால் கவரிலோ பாட்டிலிலோ பிடித்து என்ன செய்வதென்று தெரியாமல் சாக்கடையில் ஊற்றுகிறார். சாக்கடை ராஜகாலுவே என்கிற பெரிய மழைநீர்க் கால்வாய்க்குப் போகும், ராஜகாலுவே ஏரிக்குப் போகும். நான் பழைய ஆயிலைப் புது ஆயில் வந்த கேனிலேயே நிரப்பி அல்சூர் ஒர்க்ஷாப்பிலேயே கொடுத்துவிடுகிறேன். மெக்கானிக் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்கிறார்.

ஆக, செயின், பிளக், ஏர் ஃபில்டர், ஆயில் என் கணக்கு; பிரேக், வால்வு, ஒயரிங் அவர் கணக்கு. உங்கள் பங்கு இதைவிடக் குறைவாக இருந்தாலும் சரி. அடுத்த முறை வண்டியை விடும்போது, கழற்றிய பழைய சாமான்களை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.