இழைப்புளியில் திரளும் கியூ

அடுகோடி என்றால் பழைய பெங்களூர்க்காரர்களுக்கு மைக்கோ. டீசல் பம்புகளை மைக்ரான் கணக்கில் கடைந்த தொழிற்சாலை அது. அதே பேட்டையில் ஒருவர் பொழுதுபோக்காக ஸ்னூக்கர் கியூ செய்யக் கிளம்பினால், கைகொடுப்பது இழைப்புளிதான்.

தண்டுக்கு ஆஷ் மரம். இது நம் ஊரில் விளைவதில்லை. ரேகை நேராக ஓடும் சதுரச் சட்டத்தை எட்டுப் பட்டையாக்கி, பிறகு பதினாறாக்கி, கடைசியில் உருட்ட வேண்டும். அடியில் சுமார் 29 மில்லிமீட்டர், நுனியில் ஒன்பதரை. அவசரப்பட்டு ஒரு சீவல் கூடுதலாக எடுத்தால் போச்சு!

அடிப்பிடிக்குக் கருங்காலி. மாலையாகக் கோத்து விற்கப்படும் இந்த மரத்துக்கு இதைவிட நல்ல வேலை உண்டா? தண்டின் அடிப்பகுதியை நான்கு பக்கமும் சரிவாகச் சீவி, எதிரெதிராக இரண்டு கருங்காலித் துண்டுகளை ஒட்டி இறுக்குகிறார்கள். பசை காய்ந்து மட்டமாக்கிய பிறகே மற்ற இரண்டு. எல்லாவற்றையும் சேர்த்து உருட்டும்போது வெள்ளை மரத்தில் நான்கு கரிய வளைமுனைகள் எழும்பும். நான்கும் ஒரே உயரத்தில் நின்றால் கை தேறிவிட்டது என்று பொருள்.

ஜபல்பூரில் பிறந்து, 1882-இல் உதகை கிளப்பில் விதிகள் பெற்ற ஆட்டம் ஸ்னூக்கர். பெங்களூரில்தான் ஸ்னூக்கர் வீரர் பங்கஜ் அத்வானி, பயிற்சியாளர் அரவிந்த் சவூரிடம் பயின்றார். ஆனாலும் கியூ செய்யும் கலை இங்கே ஆட்டத்தளவு வேர்விடவில்லை.

நுனியில் பித்தளைப் பூண், அதன்மேல் தோல் வில்லை. பிறகு உப்புத்தாள், ஆளிவிதை எண்ணெய். விதிப்படி நீளம் 3 அடிக்குக் குறையக் கூடாது. எடை அவரவர் கைக்கு.