கற்பழிப்பு என்னுஞ் சொல்

கற்பழிப்பு என்னுஞ் சொல் செய்தவன் குற்றத்தைக் காட்டுவதன்று. பெண்ணின் இழப்பையே காட்டுவது. கற்பு மகளிர்க்கே உரியதெனக் கொண்ட வழக்கிலே, வன்முறைக்கு ஆளான ஆடவன் துயர்க்குப் பெயரே இல்லையாயிற்று. கற்பினை இருபாலார்க்கும் பொதுவாக்க முனைந்த பாரதியின் குரலும் இவ்வழக்கை மாற்றவில்லை.

நற்பிட்டிமுனைக்கும் கொழும்புக்கும் ஒன்றாகவே செல்லும் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை, 1883ஆம் ஆண்டில் வல்லுறவை ஆடவன் பெண்ணுக்கு இழைப்பதாகவே வரையறுத்தது. 1995ஆம் ஆண்டுத் திருத்தமோ, பாரதூரமான பாலியல் துஷ்பிரயோகத்தை எவரும் எவருக்கும் இழைக்கக்கூடிய குற்றமாகக் கொண்டது. சட்டம் ஓரளவு கண் திறந்தது. வழக்குச் சொல் திறக்கவில்லை. ‘ஆண்பிள்ளைக்கு என்ன நேரும்?’ என்னும் ஏளனம் சிறுவனை ஊமையாக்குகின்றது; குற்றவாளிக்கு அரணாகின்றது.

பாலியல் வன்முறை என்னும் பெயரோ கற்பை நோக்காது செயலை நோக்குகின்றது. அதனை வழங்குதல் பெண்ணின் துயரைச் சிறிதாக்குவதன்று. அவளைப் பழியினின்று விடுவித்து, அவனுக்கும் நீதியின் வாயிலைத் திறப்பதாகும்.