கோயிற்காடும் பசுவியல்பும்

கொல்லிமலை முதலிய இடங்களில் எஞ்சி நிற்கும் கோயிற்காடுகளைக் கண்டோர் சிலர், 'தெய்வ அச்சமே காட்டைக் காப்பது. ஆதலின் அவ்வச்சத்தை ஊர்தோறும் வளர்த்துக் காடு பேணுக' என இந்நாளிற் கூறிவருகின்றனர். சமயத்தைப் பெருமைப்படுத்துவதுபோலத் தோன்றும் இவ்வுரை சைவநூலுணர்ந்தார்க்கு உடன்பாடாமோ என்பது ஆராயத்தக்கது.

இக்கொள்கையிலுள்ள நன்மையை மறுத்தல் நடுநிலையன்று. நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் மலையாளிகள் எனப்படும் மலைவாழ் மக்கள் தம் ஊர்த்தெய்வத்தின் காட்டில் மரம் வெட்டுதலைப் பெரும்பிழையாகக் கருதுவர். அறப்பளீசுரர் திருக்கோயிலை அடுத்தோடும் ஐயாற்றின் மீன்களை இறைவனோடு இயைத்துப் போற்றி, அன்பர்கள் உணவிட்டு மகிழ்வர். காவலாளரும் தண்டனையுமின்றி இவை இத்துணைக்காலம் நின்றமை வியக்கற்பாலதே.

ஆயினும் அச்சம் தெய்வத்தின் எல்லைக்கல்லோடு நின்றுவிடுகின்றது. அதற்கு இப்பால் எவ்வுயிர்க்கும் காவலில்லை. அதே மலையில் சாமையும் தினையும் விளைந்த நிலம் பலவற்றில், சேலம் நாமக்கல் சமவெளிச் சவ்வரிசி ஆலைகளுக்கென மரவள்ளி பரவிற்று. மேட்டூர் அலுமினிய ஆலைக்கெனப் பாக்சைட்டு அகழப்பட்டது. கோயிற்காட்டில் ஒரு கிளையை ஒடிக்க நடுங்கியவர்கள் வாழும் மலையிலேயே இவை நிகழ்ந்தன. மேலும், அச்சத்தாற் பிறந்த காவல் அச்சந் தீர்ந்த தலைமுறையில் தானே தீரும்.

இனிச் சித்தாந்தம் கூறுவது யாது? அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியார்ப் பரபக்கத்திற் புத்தர் கொள்கையை மறுக்குமிடத்து மரங்கட்கும் உயிருண்டென நிறுவுகின்றார். சுபக்கத்தில் நால்வகைத் தோற்றத்து 84 நூறாயிரம் யோனிபேதம் பேசுமிடத்து நிலைத்திணையையும் உளப்படுத்துகின்றார். ஆகவே மரம் பதியன்று. வெறுஞ் சடமாகிய பாசப்பொருளுமன்று. ஓரறிவு விளங்கப்பெற்று வினைப்பயன் நுகரும் பசுவென்க. மரத்தைத் தெய்வமேயென்று அஞ்சுவோர் பசுவைப் பதியோடு மயக்குகின்றனர். கன அடிக் கணக்கில் விலைபேசுவோர் அதனைப் பாசத்தோடு மயக்குகின்றனர். மயக்கம் இரண்டாயினும் உயிரை உயிராகக் காணாமை ஒன்றே. இறைவன் மரத்தில் நிற்பது எல்லாவுயிரிலும் ஒன்றாய் வேறாய் உடனாய் நிற்கும் முறைமையாலன்றி, மரமே இறையாதலாலன்று.

இறைவன் தனு கரண புவன போகங்களை மாயையினின்று தோற்றுவித்து உயிர்கட்குக் கூட்டுகின்றான். அக்கொடை மாந்தர்க்கே உரியதெனச் சித்தாந்தம் கூறிற்றிலது. மரத்துக்கு அதன் உடல் தனு. அது வேரூன்றிய காடு புவனம். மலைவாணர் தேனும் கிழங்கும் சுள்ளியும் கொள்ளுதல் அவர்க்கு அளிக்கப்பட்ட போகத்தின்பாற்படும். அதனை முற்றும் விலக்குதலும் நெறியன்று. பிறவுயிர்களின் புவனத்தை அடியோடழித்து ஓருயிர் போகங் கொள்ளுதலே குற்றம்.

அற்றேல், அப்பரடிகள் உழவாரங் கொண்டு புல்லும் பூடும் களைந்தாரன்றோ எனின், அது திருவீதியும் திருமுற்றமும் தூய்மை செய்த சரியைத் தொண்டு; காட்டை விற்றுப் பொருளீட்டியதன்று. இவ்வினாவை விடுப்போர் பெரும்பாலும் உழவாரம் தொட்டறியாதவர்.

அரசியல் முறையிலும் இருவகை மயக்கமும் காணப்பட்டன. 1882ஆம் ஆண்டுச் சென்னை வனச்சட்டத்தின்கீழ்க் காடுகள் ஒதுக்கப்பட்டபோது ஊரார் தம் காட்டுக்கே அயலாராயினர். 1990ஆம் ஆண்டு இந்திய அரசின் சுற்றறிக்கை ஊராரைக் கூட்டுக் காவலுக்கு அழைத்தது. 1997இல் சப்பானியக் கடனுதவியோடு தொடங்கிய காடுவளர்ப்புத் திட்டத்தில் தமிழ்நாட்டில் கிராம வனக்குழுக்கள் அமைந்தன. 2006ஆம் ஆண்டு வனவுரிமைச் சட்டமோ, காட்டைக் காக்கவும் மீள வளர்க்கவும் ஆளவும் கிராம சபைக்கு உரிமையை ஏற்றது. அச்சபையிற் பேசற்குரியது 'தெய்வம் தண்டிக்கும்' என்பதன்று; இவ்வாண்டு எத்துணை கொள்ளின் மறுவாண்டு தளிர்க்கும், எப்பகுதியை எத்துணையாண்டு ஓயவிடல் வேண்டும் என்பனவேயாம்.

பிறரைக் குறைகூறுமுன் சைவ நன்மக்கள் தம் திருப்பணிகளையும் நோக்குதல் வேண்டும். ஊர்க்காட்டில் வெயிலும் மழையும் ஏற்று மரநிழலில் வீற்றிருந்த தெய்வத்துக்கு, சமவெளியன்பர் பொருள் திரட்டிக் கற்காரை மண்டபம் எழுப்புகின்றனர். மண்டபத்துக்கு இடம் வேண்டி மரம் வீழ்கின்றது. வண்டி செல்ல வழி வேண்டிப் பின்னும் சில வீழ்கின்றன. குடமுழுக்கு முடியுமளவிற் கோயில் இருக்கும், காடு இராது. தலமரத்தின் அடிவரை கற்பாவி, வேருக்கு நீர் புகாமற் செய்து, பட்டுடுத்தி வலம்வருதலும் இவ்வினத்ததே. தெய்வ அச்சம் இவர்பாலும் உண்டு. மரத்துக்கு அதனாற் பயனில்லை.

சேலத்துச் சுகவனேசுவரர் திருப்பெயரிலுள்ள வனம் கிளிகளின் காடு. நகரின் நடுவே இன்று திருக்கோயில் உளது. பெயரிலன்றிப் பிறிதோரிடத்தும் அக்காடு இல்லை. சேர்வராயன் மலையிற் பிறந்து நகரூடே ஓடிக் காவிரியிற் கலக்கும் திருமணிமுத்தாறு ஊர்க்கழிவைச் சுமக்கின்றது. அவ்வாற்றின் தலைப்பிலுள்ள மலைக்காட்டின் பொருட்டுச் சேலத்துச் சைவர் செய்யும் சரியைத் தொண்டு யாதென வினவின், விடைகூற வல்லார் அரியர்.