சீட்டு முகங்களும் ஆட்ட விதியும்

சீட்டுக்கட்டு ஒன்றைக் கலை விமரிசனத்துக்குரிய பொருளாகக் கொள்வது சிலருக்கு வியப்பளிக்கலாம். நாவலும் கவிதையும் நாடகமும் இருக்க, சூதும் பொழுதுபோக்கும் கலந்த இக்கடதாசித் துண்டுகளில் ஆராய என்ன உண்டு என அன்னார் வினவக்கூடும். ஆயின், நூல்கள் நுழையாத இல்லங்களிலும் நுழைந்துவிட்ட அச்சோவியம் சீட்டேயாகும். கற்றவரும் கல்லாதவரும் ஒருங்கே கையாளும் ஓவியத்தில் யாருடைய முகம் இடம்பெறுகின்றது என்பது அற்பமான வினா அன்று.

இன்று, வழக்கமான அரசன், அரசி, சேவகன் படங்களைத் தவிர்த்துப் புதிதாக வரைவிக்கப்பட்ட சீட்டுக்கட்டுகள் உலகெங்கும் பெருகியுள்ளன. இணையவழியே வாங்குவோரிடம் முற்பணம் திரட்டி, தனியொரு ஓவியர்கூடத் தமது கட்டினை அச்சிட்டு வெளியிட முடிகின்றது. இதன் கவர்ச்சியை நாம் மறுக்கவில்லை. ஐம்பத்திரண்டு சிறு சித்திரங்களில் ஓர் உலகையே படைத்துக் காட்டும் வாய்ப்பு கலைஞனுக்குக் கிடைக்கின்றது. ஐரோப்பிய அரசவையினருக்குப் பதிலாகத் தன் மக்களையும், தன் ஊர்த் தொழில்களையும், தன் மரபின் வடிவங்களையும் அவன் பொறிக்கலாம். நியாயமான ஆசையே இது.

எனினும், இவற்றுட் பல ஆட்டத்துக்கு உதவுவதில்லை. சீட்டின் மூலையிலுள்ள சிறு எழுத்தும் இலக்கமும், தலைகீழாய்ப் பிடித்தாலும் ஒன்றாகவே தோன்றும் இரட்டை உருவமும் அலங்காரத்துக்காகத் தோன்றியவை அல்ல. விசிறிபோல் விரித்த கையில் கண நேரத்தில் தாளை இனங்காணும் தேவையிலிருந்து அவை பிறந்தன. புதுமை நாடும் ஓவியர் இவற்றைச் சிதைக்கும்போது, ஆடுபவர் ஒவ்வொரு தாளையும் உற்றுநோக்கித் தடுமாறுகிறார். பின்புற ஓவியம் ஒருபக்கச் சாய்வுடையதாயின், ஒரு தாளைத் திருப்பி வைத்தே அதனை அடையாளங்காட்டிவிடலாம். ஆட்டத்தின் நேர்மையே அங்கு கெடுகின்றது. மேலும், சாதாரணக் கட்டினைவிடப் பன்மடங்கு விலை கொடுத்து வாங்கப்படும் இவற்றிற் பல, உறை பிரிக்கப்படாமலே சேகரிப்போரின் அலுமாரிகளில் உறங்குகின்றன. கூடியிருந்து ஆடுதற்கென எழுந்த பொருள் தனியுடைமைக் காட்சிப்பொருளாய் மாறிவிடுகின்றது.

இவை மேற்போக்கான குறைகள். இவற்றினும் ஆழமான குறையொன்றைப் பிரெஞ்சுப் புரட்சியின் சீட்டுகள் நமக்கு உணர்த்துகின்றன.

1792இல் முடியாட்சியை ஒழித்த பிரான்சில், சீட்டுகளில் மாத்திரம் மன்னர் வீற்றிருப்பது பொருந்தாததாயிற்று. 1793–94 காலப்பகுதியில் சோம், தியூகூர் என்னும் இருவர் புதிய கட்டொன்றை வெளியிட்டனர். அரசர் இருந்த இடத்தில் போர், சமாதானம், கலை, வாணிபம் ஆகியவற்றின் ஆற்றல்களை உருவகித்தனர். அரசியர் இடத்தைச் சமயம், மணம், எழுத்து, தொழில் ஆகியவற்றின் சுதந்திரங்கள் பெற்றன. சேவகர் இடத்தில் கடமை, உரிமை, அந்தஸ்து, நிறம் ஆகியவற்றின் சமத்துவங்கள் அமர்ந்தன. ஆசுத் தாள் சட்டமாயிற்று. நிறச் சமத்துவத்தைக் குறிக்கும் தாளில், விலங்கு நீங்கிய கறுப்பின மனிதன் ஒருவன் ஆயுதம் தாங்கி, கோப்பி மூட்டையின்மேல் அமர்ந்து, முறிந்த நுகத்தடியை மிதித்து நிற்கிறான். அடிமைகளின் உழைப்பால் விளைந்த கோப்பியே அவனது ஆசனமாகிறது. அக்கால ஐரோப்பாவில் அத்தகைய மனிதனுக்கு விளையாட்டுச் சீட்டில் இத்தகைய இடமளித்த கலைஞரின் துணிவை நாம் பாராட்டவே வேண்டும்.

ஆனால், ஆட்டம் தொடங்கியதும் நிகழ்வது யாது? படங்கள் மாறினவேயன்றிப் படிநிலை மாறவில்லை. சமத்துவம் பழைய சேவகனின் மூன்றாம் படியிலேயே நிற்கின்றது. அதனைச் சுதந்திரம் வெல்லும். இரண்டையும் மேலோன் வெல்வான். நிறச் சமத்துவம் இடம்பெறும் டைமன் இனத்தில் அம்மேலோன் வேறு யாருமல்லன், வாணிபத்தின் ஆற்றலே! விடுதலை பெற்ற உழைப்பாளியை வாணிபம் ஒவ்வோர் ஆட்டத்திலும் வென்றெடுத்துச் செல்கின்றது. 1794 பெப்ரவரியிற் பிரெஞ்சுக் குடியரசு அடிமைமுறையை ஒழித்தது. 1802இல் நெப்போலியன் அதனை மீண்டும் நிலைநாட்டினான். சர்க்கரையிலும் கோப்பியிலும் பெருலாபம் கண்டோரின் நலன் அதில் அடங்கியிருந்தது. ஓவியர் அறியாமலே தம் சீட்டில் அவ்வரலாற்றை வரைந்துவிட்டனர் போலும்! மன்னர் படங்களும் சீட்டுகளுக்கு மீண்டன.

படத்தை மாற்றும் ஆற்றல் ஆதிக்கத்துக்கும் துணைபோகும். 2003இல் ஈராக்கின் மீது படையெடுத்த அமெரிக்க இராணுவம், தான் தேடிய ஈராக்கிய ஆட்சியாளரின் முகங்களைச் சீட்டுகளில் அச்சிட்டுப் படையினருக்கு வழங்கியது. சதாம் உசேன் இஸ்பேட் ஆசாக இடம்பெற்றார். அவ்வாட்சியின் கொடுமைகளை நாம் மறக்கவில்லை. எனினும், ஒரு நாட்டின் மீதான போர் கையடக்கமான ஆட்டமாகக் காட்டப்பட்டதையும், அக்கட்டின் பிரதிகள் நினைவுப்பொருளாகக் கடைகளில் விலைபோனதையும் மறக்கலாகாது. இதே உத்தியை 2005இல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தார் வேறு நோக்கிற் கையாண்டனர். துப்புத் துலங்காத கொலைகளுக்குப் பலியானோரின் படங்களைச் சிறைச்சாலைச் சீட்டுகளில் அச்சிட்டு, அறிந்தோரிடம் தகவல் கோரினர். உத்தி ஒன்றே, அதன் பயன் அதனைக் கையாள்வோரின் நோக்கைப் பொறுத்தது.

இனி, நம்மிடையே வழங்கும் ஆட்டமொன்றைக் கருதுவோம். யாழ்ப்பாணத்து வாசிகசாலைத் திண்ணைகளிலும் மரநிழல்களிலும் ஆடப்பெறும் முந்நூற்றுநாலு என்னும் ஆட்டத்தை அறியாதார் நம்முள் அரியர். ஒல்லாந்தரின் ஆட்ட வகைகளோடு உறவுடையது அது. கலாவரை என்ற சொல்லே அத்தொடர்பின் சான்று. அவ்வாட்டத்திற் சேவகனுக்கு முப்பது புள்ளி. ஒன்பதுக்கு இருபது, ஆசுக்குப் பதினொன்று, பத்துக்குப் பத்து. அரசனுக்கு மூன்று, அரசிக்கு இரண்டு. ஓரினத்துக்கு எழுபத்தாறாக நான்கு இனங்களுக்கும் முந்நூற்றுநாலு. முடிசூடிய மன்னனைச் சேவகனும், முகமே இல்லாத ஒன்பதும் பத்தும் வென்றுவிடுகின்றன. ஓவியத்தில் ஒரு கோடுகூட மாறவில்லை, விதி மாறியிருக்கின்றது. பாரிசின் ஓவியர் விட்டுவைத்ததை இந்த ஆட்டம் ஓசையின்றிச் செய்து முடித்திருக்கின்றது.

இதனைக்கொண்டு முந்நூற்றுநாலு புரட்சி செய்துவிட்டதென நாம் வாதிடவில்லை. மன்னனைத் தோற்கடித்த கையோடு, திண்ணையில் யார் அமரலாம், யார் முற்றத்தில் நிற்க வேண்டும் என்று சாதி பார்த்தவர்களும் நம்மிடையே இருந்தனர். ஆட்டத்துக்குள் மாறிய விதி ஆட்டத்துக்கு வெளியே தானாக மாறிவிடாது.

உழைக்கும் மக்களின் முகங்களைப் படைப்பிற் புகுத்திவிட்டால் முற்போக்குக் கலை பிறந்துவிடும் என எண்ணுவோர்க்கும் இது பொருந்தும். தோட்டத் தொழிலாளியும் கடற்றொழிலாளியும் கதாமாந்தராகலாம். கதையின் ஓட்டத்தில் முடிவெடுப்போர் பழைய மேலோராகவே இருப்பின், அங்கு மாறியது சீட்டின் முகம் மட்டுமே. ஆசிரிய நண்பர்கள் தம் வகுப்பிற் புதிய சீட்டுக்கட்டொன்றை மாணவரைக் கொண்டு வரைவிக்கலாம், நற்பயிற்சியாக அமையும். கொழுந்து பறிப்பவளையும் வலை இழுப்பவனையும் அவர்கள் ஆர்வத்தோடு வரைவர். வரைந்து முடித்ததும், எந்தத் தாளை எந்தத் தாள் வெல்லும் என்பதையும் அவர்களே கூடித் தீர்மானிக்கட்டும். அதற்கான காரணத்தைக் கூறும்படியும் ஆசிரியர் கேட்கட்டும்.