கல்லச்சில் ஏறிய கப்பல்கள்

பழைய கப்பல் கம்பெனிச் சுவரொட்டிகளில் முதலில் காலூன்றியது பிரிட்டிஷ் பாணி. கூனார்ட், ஒயிட் ஸ்டார் கம்பெனிகளுக்காக வரைந்தவர்கள், ஸ்டூடியோவில் முக்கால் முகம் காட்டி உட்கார்ந்த பண்ணையாரைப் போலக் கப்பலை நிறுத்தினார்கள். புகைபோக்கியின் நிறத்திலும் எண்ணிக்கையிலும் பிசகு இராது. இவர்களில் எனக்கு உயர்ந்தவர் கென்னத் ஷூஸ்மித். ராயல் மெயில் கப்பல்களில் அதிகாரியாக இருந்துவிட்டுத் தூரிகை எடுத்தவர் என்பதால், அலையும் கயிறும் அவர் படத்தில் இருக்கவேண்டிய இடத்தில் இருக்கும்.

ஜப்பானியர் வழி வேறு. ஒசாகா ஷோசென் போன்ற கம்பெனிகளின் தொடக்கக் காலச் சுவரொட்டிகளில் கப்பலை ஓரமாக ஒதுக்கிவிட்டு, கிமோனோ அணிந்த பெண்ணையோ சுமோ மல்லரையோ நடுவில் வைத்தார்கள்.

இரண்டையும் பழசாக்கியவர் கசாந்த்ர். உக்ரைனின் கார்கிவில் 1901இல் பிறந்து பாரிஸில் பெயர் பெற்றவர். 1931இல் ‘லட்லாந்திக்’ கப்பலைப் பெரும் சுவராக வரைந்து, அருகில் ஒரு சின்ன இழுவைப்படகை விட்டார். 1935இல் ‘நார்மண்டி’. கடல்மட்டத்திலிருந்து அண்ணாந்து பார்க்கும் கோணம். முகப்பு நேர் எதிரே எழுந்து தாளை அடைத்து நிற்கிறது. அதன் அடியில் பொடிப்பொடியாகச் சில வெள்ளைப் பறவைகள். அவற்றை விரலால் மறைத்துப் பாருங்கள்: கப்பல் உடனே சிறுத்துவிடும். பிறகு டச்சு, இத்தாலியக் கம்பெனிகளுக்கு வரைந்தவர்களில் பலர் இந்த அண்ணாந்த கோணத்தையே பிடித்துக்கொண்டார்கள். பறவைகளின் வேலை என்ன என்பது எல்லோருக்கும் பிடிபடவில்லை.

ஒன்று எல்லாப் பாணிக்கும் பொது. சென்னை, நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஓடிய ‘ரஜூலா’ போன்ற கப்பல்களில் மேல்தளத்தில் பாய் விரித்துப் போன ஆயிரக்கணக்கானோரை இந்தச் சுவரொட்டிகளில் நான் பார்த்ததில்லை.

இனி, வாங்கும்போது பார்க்கவேண்டிய தரம். மூலப்பிரதியா, மறுபதிப்பா என்பதை முதலில் பூதக்கண்ணாடிதான் சொல்லும். மூலப்பிரதியின் கல்லச்சில் (லித்தோகிராஃப்) நிறம் ஒழுங்கற்ற மணல்மணலாகப் படிந்திருக்கும். மறுபதிப்பின் ஆஃப்செட்டில் வரிசை தவறாத புள்ளிகள். நார்மண்டிக்கு மறுபதிப்புகள் எக்கச்சக்கம் என்பதால் அளவையும் பார்க்க வேண்டும்: பிரெஞ்சுத் தாள் சுமார் 62 × 100 செ.மீ. ஓரம் வெட்டுப்பட்டிருந்தால் விலை சரியும். மடிப்புக்கோடு அவ்வளவு பெரிய குற்றமில்லை. பல தாள்கள் மடித்துத்தான் அனுப்பப்பட்டன. பின்புறம் முறையாகத் துணி ஒட்டியிருந்தால் அதையும் ஏற்கலாம். அட்டையில் பசை போட்டு ஒட்டிய பிரதியை, வரைந்தவர் கசாந்த்ரே ஆனாலும், நான் தொடமாட்டேன்.

அடிப்பட்டை வாசகத்தில்தான் சந்தைக்கும் எனக்கும் வழக்கு. உள்ளூர் ஏஜென்டு தன் பெயரையும் தெருவையும் பிற்பாடு அச்சடித்துக்கொள்ள அங்கே இடம் விடுவது வழக்கம். அந்த இடம் வெறுமையாக இருக்கும் பிரதியைச் ‘சுத்தம்’ என்று மெச்சுகிறார்கள். சுவரில் ஏறியவை மழையிலும் அடுத்த ஒட்டலிலும் போயின. நமக்குக் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை அச்சகத்திலும் அலுவலக அலமாரியிலும் தங்கிவிட்டவை. ஏஜென்டின் பெயர் சற்றே கோணலாக விழுந்த பிரதி ஒரு துறைமுகத் தெரு வரையாவது போயிருக்கிறது. விலை சமமென்றால் நான் அதைத்தான் எடுப்பேன். குறைவென்றால் யோசிக்கவே மாட்டேன்.